மழை விட்ட பிறகு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பறவைப் படம் எடுக்க நண்பர்களோடு ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். விடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காலை முழுக்க காருக்குள்ளேயே கழிந்தது. மழை விட்டதும், இனி என்ன வரப்போகிறது என்று கிளம்பிவிட்டோம். வழியில் புதரில் நனைந்து உட்கார்ந்திருந்த பறவை ஒன்றை நண்பர் கைதட்டிப் பறக்கவைத்து எடுத்தார். தேறியது அந்த ஒரு படம்தான். மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் இனி பயணத்தையே ரத்து செய்துவிடலாமா?

கே.

அன்புள்ள கே,

காருக்குள் உட்கார்ந்திருந்ததில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. கொட்டுகிற மழையில் பறவைகளும் இலைமறைவில் ஒடுங்கித்தான் கிடக்கும். பூச்சிகள் பறக்காது. துளி விழுந்து குழம்பிய தண்ணீருக்குள் மீன்கொத்திக்கு மீன் தெரியாது. நீங்கள் கிளம்பிய நேரம்தான் தப்பு.

அத்தனை நேரம் பசியோடு இருந்தவை மழை விட்டதும் மொத்தமாக வெளியே வரும். நீர்க்காகத்தின் இறகு ஓரளவு தண்ணீரை உறிஞ்சும் என்பதால் சிறகை விரித்துக் காயவைத்தபடி அசையாமல் நிற்கும். பருந்து மேலே ஏற வெப்பக்காற்று வேண்டும். தரை சூடேறும்வரை மொட்டைக் கிளையில் இறகு கோதிக்கொண்டிருக்கும். மற்ற நாளில் வானத்தில் புள்ளியாகத் தெரிகிற ஆள் அது! ஈசல் கிளம்பிவிட்டாலோ கேட்கவே வேண்டாம். கரிச்சான், பஞ்சுருட்டான், மைனா எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிடும். கரிச்சான் எகிறிப் போய் ஈசலைக் காற்றிலேயே கவ்விக்கொண்டு பெரும்பாலும் கிளம்பிய கிளைக்கே திரும்பும். துரத்திக்கொண்டு ஓடாமல் அந்தக் கிளையில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள்.

மேகமூட்ட வெளிச்சமும் மட்டமானதல்ல. கொக்கின் வெள்ளை வெளிறிப்போகாது, கரிச்சானின் கறுப்பிலும் இறகு இறகாகத் தெரியும். வெளுத்த வானம் பின்னணியில் வந்தால்தான் சிக்கல், பறவை இருண்டுவிடும். எக்ஸ்போஷரை (படத்துக்குள் விடும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, ஏற்றுங்கள், அல்லது மரங்கள் பின்னால் வரும்படி நகர்ந்து நில்லுங்கள். மழையே படத்தில் வரவேண்டுமானாலும் இருண்ட பின்னணிதான் வேண்டும். ஷட்டர் வேகம் 1/60 நொடி வாக்கில் இருந்தால் மழை கோடுகளாகவும், 1/1000 நொடியைவிட வேகமாகப் போனால் துளிகளாகவும் விழும். ஷட்டரை வேகமாக வைக்க ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றத் தயங்காதீர்கள். அதனால் படத்தில் வரும் புள்ளிகளை (நாய்ஸ்) மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கைதட்டிய விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. நனைந்த பறவை அசையாமல் இருப்பது உடல் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள. அதைக் கிளப்பிவிட்டால் இருக்கிற கொஞ்சநஞ்சத் தெம்பும் போய்விடும். அருகில் கூடு இருந்தால் இன்னும் மோசம். மழையில் தாய் சிறகை விரித்துக் குஞ்சுகளை மூடிக்கொண்டிருக்கும். அது எழுந்து போனால், இறகு முளைக்காத குஞ்சுகள் நனைந்து விறைத்துவிடும். நானாக இருந்தால் அந்தப் படத்தை அழித்துவிடுவேன்.

ரத்து செய்வதா என்று கேட்டீர்கள். இடி மின்னல் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரத்துதான். திறந்த வெளியில் டிரைபாடோடு நிற்பதும் மரத்தடியில் ஒதுங்குவதும் ஆபத்து. போன இடத்தில் இடி கேட்டால் காருக்குள் போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை இறங்காதீர்கள். வெறும் மழைதானே என்றால் தாராளமாகப் போகலாம். ஆனால் காரில் காத்திருக்கும்போது ஏ.சி. வேண்டாம். குளிர்ந்த லென்ஸை ஈரக்காற்றில் எடுத்ததும் கண்ணாடியில் ஆவி படியும். துடைக்கத் துடைக்க மறுபடி படிந்துகொண்டே இருக்கும், அதற்குள் ஈசல் தீர்ந்துவிடும்.