மூன்றாவது இதய ஒலி ஆயுளைச் சொல்லுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 56. மூச்சிரைப்பு, கால் வீக்கத்துடன் மருத்துவமனையில் சேர்த்தோம். இதயத் தசை பலவீனமாகி இதயம் பெரிதாகிவிட்டது, பம்பிங் 30 சதவீதம்தான் என்றார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எஸ்3 கேலப்' என்று எழுதியிருக்கிறது. அது கெட்ட அறிகுறி என்கிறார்கள். அப்பா எவ்வளவு காலம் இருப்பார் என்பதை அந்த ஒலி சொல்லிவிடுமா?

பதில்: சொல்லாது. ஆனால் அலட்சியப்படுத்தக்கூடிய ஒலியும் இல்லை.

நமக்குத் தெரிந்த 'லப்-டப்' என்பது வால்வுகள் மூடும்போது எழுவது. அந்த 'டப்' முடிந்து சுமார் 0.15 நொடியில், மேலறையிலிருந்து ரத்தம் வேகமாக இறங்கும்போது வரும் தாழ்ந்த அதிர்வுதான் எஸ்3, அதாவது மூன்றாவது ஒலி. இதயமும் வேகமாகத் துடித்தால் குதிரைக் குளம்படி போலக் கேட்கும்; அதைத்தான் 'கேலப்' என்கிறோம். குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது இயல்பாகவே இருக்கலாம். 40 வயதைத் தாண்டியவருக்கு, அதுவும் இதயம் விரிந்தவருக்குக் கேட்டால், இடது கீழறையில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம்.

நீங்கள் பயப்படுவதற்கு ஓர் அடிப்படை உண்டு. இதயச் செயலிழப்பு உள்ள 2,500-க்கும் அதிகமானோரின் விவரங்களை அலசிய ஓர் ஆய்வு 2001-இல் வெளியானது. எஸ்3 கேட்டவர்கள் மறுபடி மருத்துவமனையில் சேர்வதும், பம்பிங் தோற்று இறப்பதும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. பம்பிங் அளவு முதலானவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. எக்கோ எனும் இதய ஸ்கேன் வந்த பிறகும் ஸ்டெதாஸ்கோப்பை நாங்கள் விடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அது ஒரு கூட்டத்தின் கணக்கு. உங்கள் அப்பாவிடம் அன்று கேட்டது, உடலில் நீர் கோத்து, மூச்சிரைத்துக் கிடந்த நாளின் ஒலி. நீர் பிரியும் மருந்து கொடுத்து அழுத்தம் இறங்கினால் அது மறைந்தும் போகும். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அடுத்த முறை போகும்போது, "அந்த ஒலி இன்னும் இருக்கிறதா? கழுத்து ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா?" என்று கேளுங்கள். சிகிச்சைக்குப் பிறகும் இரண்டும் தொடர்ந்தால் மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டியிருக்கலாம். மறைந்திருந்தால் நல்லது, ஆனால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பருமனானவர்களிடமும் நுரையீரல் நோயாளிகளிடமும் இது காதுக்குத் தப்பிவிடும்.

  

இன்று நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறோம். பலருக்குப் பம்பிங் கணிசமாக ஏறுகிறது. ஆகவே மூன்று மாதம் போல முழு அளவில் மருந்து எடுத்த பிறகு மறுபடி எக்கோ பாருங்கள். அப்போதும் பம்பிங் 35 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், ஆபத்தான துடிப்பைச் சரிசெய்யும் கருவி தேவையா என்று முடிவெடுப்பார்கள். சரியாகிவிட்டதே என்று அவராக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் தினமும் காலை, சிறுநீர் கழித்தபின், எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அன்றே மருத்துவரை அழையுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் வேண்டாம், மதுவும் வேண்டாம். அப்புறம், மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் நீரைத் தேக்கிவிடும். வலி இருந்தால் உங்கள் இதய மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரை வாங்கிக்கொடுங்கள்.