வளைந்த தோட்டத்து பெஞ்சுக்கு செராமிக் டைல்ஸ் ஒட்ட முடியுமா?

முடியும். தட்டையான டைல் வளைவில் எப்படி உட்காரும் என்று கேட்டிருக்கிறீர்கள். முழு டைல் உட்காராதுதான். உடைத்து ஒட்டினால் எந்த வளைவிலும் உட்காரும். இதற்கு பார்சிலோனாவின் பார்க் குயெல்லைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1900-க்கும் 1914-க்கும் இடையில் கட்டடக்கலைஞர் அந்தோனி கௌடி உருவாக்கிய பூங்கா அது. மேல்தளத்தின் ஓரம் முழுக்க பாம்பு போல நெளிந்து ஓடும் பெஞ்சு ஒன்று உண்டு. அதன் மேற்பரப்பு முழுவதும் உடைந்த டைல் துண்டுகள்தான். இந்த வேலைப்பாட்டுக்குப் பெயர் 'த்ரென்காதிஸ்'. கௌடியோடு பணியாற்றிய ஜுசெப் மரியா ஜுஜோலின் கைவண்ணம் இதில் அதிகம். கிட்டே போய்ப் பார்த்தால், பாதியில் அறுபட்ட ஒரு பூ, அதை ஒட்டி வெறும் வெள்ளைச் சில்லு, அப்புறம் திடீரென்று ஒரு நீலம். ஒழுங்கே இல்லாதது போலத் தோன்றும். நாலடி தள்ளி நின்றால் எல்லாம் சேர்ந்து ஒரே ஓட்டமாகிவிடும். கட்டடக்கலையில் இவ்வளவு துணிச்சலான வண்ண வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை.

உங்கள் பெஞ்சுக்கு வருவோம். வளைவு எவ்வளவு இறுக்கமோ, துண்டு அவ்வளவு சிறியதாக இருக்கட்டும். தண்ணீரை அதிகம் உறிஞ்சாத விட்ரிஃபைடு துண்டுகளே வெளிப்புறத்துக்கு நல்லது. விளிம்புகளைச் சாணைக்கல்லில் தேய்த்த பிறகே ஒட்டுங்கள், இல்லாவிட்டால் உட்காருபவரின் தொடை கிழியும். இடைவெளிகளில் கிரௌட்டை, அதாவது டைல் இடுக்குகளை அடைக்கும் சாந்தை, மட்டமாக நிரப்புங்கள். பளபளப்பான துண்டுகளைத் தரையில் மட்டும் போடாதீர்கள், மழையில் வழுக்கும்.