பெறாமகனின் பெட்டிங்கில் போட்ட 28 இலட்சம்

கேள்வி: நான் கொக்குவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவியின் தங்கை மகன் லண்டனில் மாட்ச்ட் பெட்டிங் (ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கமும் பந்தயம் கட்டி, கம்பனிச் சலுகையை இலாபமாக்குவது) செய்கிறான். "பெரியப்பா, இது சூது இல்லை, கணக்கு. தோக்கிறதுக்கே இடமில்லை" என்றதை நம்பி 28 இலட்சம் ரூபாய் கொடுத்தேன். அதில் 18 இலட்சம் என் பணிக்கொடை. 6 இலட்சம் மச்சானுடையது, 4 இலட்சம் பக்கத்து வீட்டுக்காரருடையது. மாதம் 6 வீதம் என்று 7 மாதம் ஒழுங்காக வந்தது. மற்ற இருவருக்கும் 5 வீதம் கொடுத்தேன், ஒரு வீதம் என் போக்குவரத்துச் செலவுக்கு. இப்போது பத்து மாதமாக ஒரு சதமும் இல்லை. கம்பனிகள் அக்கவுண்டை முடக்கிவிட்டனவாம். காசு முழுவதையும் கோண்டாவிலில் இருக்கும் அவனுடைய தாயிடம் கையில் கொடுத்தேன். அவர்கள் அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். எழுத்து எதுவும் இல்லை, வட்ஸ்அப் மட்டும் உண்டு. லெஸ்டரில் படிக்கும் என் மகனின் பாஸ்போர்ட் பிரதியை வாங்கி அவன் பெயரிலும் அக்கவுண்ட் திறந்திருக்கிறான். இன்னும் 10 இலட்சம் பிடித்துத் தந்தால் திரும்பத் தொடங்கிப் பழையதையும் தருவானாம். சின்ன வயதில் எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. திருவிழாவில் கண்டும் மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கட்டுமா?

பதில்: ஐயா, மச்சாள் முகம் திருப்பியதையும் அவன் உங்கள் வீட்டில் சாப்பிட்டதையும் நீதிமன்றம் கேட்காது. நான் பார்க்க வேண்டியது ஒன்றுதான். நீங்கள் கொடுத்தது கடனா, தொழிலில் பங்கா?

கடன் என்றால் முதலைக் கேட்டு வழக்குப் போடலாம். எழுத்தில்லாத கடனுக்கு 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் மூன்று வருடம் தருகிறது. அதில் 17 மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டது. பங்கு என்றால் கதை வேறு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஆயிரம் ரூபாவுக்கு மேல் முதலுள்ள பங்குடைமை எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். இன்றைக்கு ஆயிரம் ரூபாவுக்கு ஒரு வீட்டுக்கு மீன் வாங்க முடியாது, ஆனால் சட்டத்தில் தொகை அதுதான். உங்களிடம் எழுத்து இல்லை. அதோடு, இலாபப் பங்கு என்று கேட்டால் அது பந்தயக் காசு. எங்கள் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தில் பந்தயக் கொடுக்கல்வாங்கலுக்கு நீதிமன்றம் கைகொடுக்காது. எதிர்ப்பக்கச் சட்டத்தரணி முதலில் பிடிக்கும் பிடி அதுவாகத்தான் இருக்கும்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டுகளில் இரண்டு வரிகள் எனக்குப் போதும். "எப்ப கேட்டாலும் முதல் அப்படியே தாறன்" என்று அவன் எழுதியது உங்களைக் காப்பாற்றும் வரி. "எங்கடை பங்கு லாபம் எப்ப வரும்?" என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது உங்களைக் கவிழ்க்கும் வரி. இனி ஒரு மெசேஜும் அனுப்ப வேண்டாம். எதையும் அழிக்கவும் வேண்டாம். அந்தப் போனையே பத்திரமாக வையுங்கள், பிரதி எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம், அவனுக்கு 28 இலட்சம் எதற்கு என்று நீங்கள் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. பிரித்தானியாவில் பெட்டிங் கம்பனிகள் ஆட்களைப் பிடிக்க ஃப்ரீ பெட், அதாவது கம்பனியின் காசில் ஒரு பந்தயம், கொடுக்கும். அதை வைத்து ஓர் அணி வெல்லும் என்று கம்பனியில் கட்டி, அதே அணி வெல்லாது என்று பெட்ஃபெயார் போன்ற எக்ஸ்சேஞ்சில் (ஆட்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டும் தளம்) எதிர்க்கட்டு வைத்தால், எது நடந்தாலும் சிறு தொகை மிஞ்சும். 30 பவுண் ஃப்ரீ பெட்டை 5 என்ற விலையில் (வென்றால் ஒரு பவுணுக்கு 5 பவுண், ஃப்ரீ பெட்டில் கட்டிய தொகை மட்டும் திரும்பாது) கட்டி, எக்ஸ்சேஞ்சில் 5.2 விலைக்கு எதிர்க்கட்டு வைத்து 2 வீதக் கொமிஷன் கொடுத்தால், 22 பவுண் சொச்சம் கையில் நிற்கும். அதற்கு எக்ஸ்சேஞ்சில் முடங்குவது 100 பவுணுக்கும் குறைவு. ஆட்டம் முடிந்ததும் ஏதோ ஒரு பக்கத்தில் அது திரும்பி வந்துவிடும். அந்தக் கணக்கில் அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த வேலையில் வரும்படியைத் தீர்மானிப்பது சலுகைகளின் எண்ணிக்கை. முதலை இரட்டித்தால் சலுகை இரட்டிக்காது. ஓர் ஆளுக்கு ஓர் அக்கவுண்ட்தான், இலாபம் எடுப்பவரைக் கண்டுகொண்டால் கம்பனி சலுகையை வெட்டிவிடும். அப்படியிருக்க, போட்ட முதலுக்கு மாதம் 6 வீதம் என்று தருவதென்றால் மூன்றில் ஒன்று: மற்றவர்களின் பெயரில் அக்கவுண்டுகளை அடுக்குகிறான், அல்லது சும்மா சூதாடுகிறான், அல்லது புதிதாக வருபவரின் காசை எடுத்துப் பழையவருக்குக் கொடுக்கிறான். இப்போது கேட்கிற 10 இலட்சம் மூன்றாவது வகை. கொடுக்காதீர்கள், யாரிடமும் வாங்கியும் கொடுக்காதீர்கள்.

இனித்தான் என் உண்மையான கவலை. உங்களை நீங்கள் ஏமாந்தவராக மட்டும் பார்க்கிறீர்கள். மச்சானும் பக்கத்து வீட்டுக்காரரும் காசு கொடுத்தது உங்களிடம். வட்டி வாங்கியது உங்களிடம். லண்டன் பெடியனை அவர்கள் கண்டிருக்கவே மாட்டார்கள். நாளைக்கு வழக்கு வந்தால் எதிராளி நீங்கள்தான். "நான் இடையில் நின்று கைமாற்றினேன்" என்று சொல்லலாம்தான், ஆனால் போக்குவரத்துச் செலவுக்கென்று நீங்கள் எடுத்த அந்த ஒரு வீதம், ஏழு மாதத்தில் 70,000 ரூபாய், அந்த வாதத்தை விழுத்திவிடும். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே ஏமாற்றியவன் மீது முறைப்பாடு கொடுக்க வருவார்கள். அடுத்த மாதம் கீழே கொடுத்தவர்களின் கோரிக்கைக் கடிதத்தோடு திரும்பி வருவார்கள். இரண்டு பேர் என்பதால் இப்போதைக்குச் சமாளிக்கலாம். ஐந்து, ஆறு பேராகப் பெருகினால், அனுமதியில்லாமல் வைப்புப் பணம் பெறுவதைத் தடுக்கும் 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தைப் பற்றியும் நான் உங்களோடு பேச வேண்டிவரும். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு, புதிதாகச் சேர்பவரின் காசில் ஓடும் பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது. ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தவர் தானும் ஏமாந்தேன் என்று சொல்லி அதிலிருந்து தப்புவது இலேசல்ல.

பொலிஸுக்குப் போகலாமா? போகலாம். ஆனால் ஏமாற்றுக் குற்றத்துக்கு, காசை வாங்கும்போதே நேர்மையற்ற எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். ஏழு மாதம் ஒழுங்காகக் காசு வந்தது என்று உங்கள் வாயாலேயே சொல்லப் போகிறீர்கள். அது அவனுக்குச் சாதகம். பிறகு விசாரணையில், கோண்டாவிலில் கொடுத்த ரூபாய் லண்டனில் எப்படிப் பவுணாக மாறியது என்று கேட்பார்கள். இங்கே தாயிடம் ரூபாய், அங்கே மகன் கையில் பவுண், இடையில் வங்கி இல்லை. ஊரில் உண்டியல் என்போமே, அதுதான். 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தைத் தொடும் கேள்வி அது. பதிலை யோசிக்காமல் வாக்குமூலம் கொடுக்கப் போக வேண்டாம். "காசு தராவிட்டால் லண்டன் பொலிஸுக்கு அறிவிப்பேன்" என்று அவனுக்கு எழுதவும் வேண்டாம். பயமுறுத்திக் காசு கேட்பது இங்கிலாந்தில் தனிக் குற்றம், அந்த மெசேஜைத் தூக்கிக்கொண்டு அவன் முந்திவிடுவான்.

இங்கிலாந்தில் வழக்குப் போடுவது காகிதத்தில் இங்கேயுள்ளதைவிட நல்லது. 2005 ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் 335 ஆம் பிரிவின்படி, பந்தயம் சம்பந்தப்பட்டது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் அங்கே செல்லாமல் போகாது. 2007 செப்டம்பர் 1 முதல் அதுதான் நிலை. காலவரையறை ஆறு வருடம். உங்கள் 28 இலட்சம் ஏறக்குறைய 7,000 பவுண், 10,000 பவுண் வரையான சிறு கோரிக்கைக்குள் அடங்கும். ஆனால் அந்த வழியில் வென்றாலும் சட்டத்தரணிச் செலவை எதிராளியிடம் பொதுவாக வாங்க முடியாது. அதைவிட மோசம், அவனுடைய முதல் பதிலே "பெரியப்பாவின் மகன் தெரிந்துதான் தன் பெயரைத் தந்தான்" என்பதாக இருக்கும்.

அந்தப் பதிலோடு உங்கள் மகன் உள்ளே வருகிறான். ஒருவரின் அக்கவுண்டை இன்னொருவர் நடத்துவது பெட்டிங் கம்பனிகளின் நிபந்தனைக்கு விரோதம். கண்டுபிடித்தால் மிச்சக் காசை நிறுத்திவைப்பார்கள். அது போனால் போகட்டும். அவனுடைய வங்கிக் கணக்கினூடாக வேறு ஆட்களின் காசு போய்வந்திருந்தால், வங்கி கணக்கை மூடி, சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பதிவில் அவன் பெயரைப் போடலாம். அது ஆறு வருடம் வரை நிற்கும். அந்தக் காலத்தில் இன்னொரு வங்கியில் கணக்குத் திறக்கவும், வாடகைக்கு வீடு எடுக்கவும், சில வேலைகளுக்கு விண்ணப்பிக்கவும் அவன் படும் பாடு உங்கள் 18 இலட்சத்தைவிடப் பெரியது.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாக முடியுங்கள். 28 இலட்சத்தையும் கேட்டுப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். ஏழு மாதத்தில் 11,76,000 ரூபாய் வந்திருக்கிறது. அதை முதலில் கழி என்றுதான் அவன் சொல்வான், நானாக இருந்தாலும் அதையே சொல்வேன். மிச்சம் 16,24,000. அந்தத் தொகைக்குத் தவணை போட்டு ஒரு புறோநோட்டு எழுதுவியுங்கள். லண்டனில் இருப்பவனின் கையெழுத்து மட்டும் போதாது, காசைக் கையில் வாங்கிய தாயும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். உங்களுக்கு எட்டும் தூரத்தில் சொத்தோடு இருப்பவர் அவர்தான். அந்த வீட்டுக் காணியை நொத்தாரிசு முன் ஈடு வைக்கச் சம்மதித்தால் இன்னும் நல்லது. மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது, அப்போது கடன் என்று மட்டும் வழக்காடுவோம், இலாபம் என்ற சொல்லே வராது.

மச்சானுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நீங்கள் கொடுத்தது 3,50,000, மிச்சம் ஆறரை இலட்சம். அதை உங்கள் கையிலிருந்து கொடுக்க முடியுமானால், கோண்டாவில் காசு வரட்டும் என்று காத்திராமல் கொடுத்து, முழுத் தீர்வு என்று பற்றுச்சீட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் தவணை கேளுங்கள், ஆனால் நீங்களாக ஒரு துண்டில் "தர வேண்டியது இவ்வளவு" என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். எழுத்தில் ஒப்புக்கொண்டால் அவர்களுக்குக் காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும். தவணைப் பத்திரம் தேவைப்பட்டால் நான் எழுதித் தருகிறேன்.

வரும்போது வங்கிப் புத்தகம், போன், தாயிடம் காசு கொடுத்த நாட்களின் விபரம் மூன்றையும் கொண்டுவாருங்கள். அதற்கு முன் மகனுக்குப் போன் எடுத்து, பெட்டிங் அக்கவுண்டுகளின் பாஸ்வேர்டையும் ஈமெயிலையும் தன் கைக்கு எடுக்கச் சொல்லுங்கள். வங்கிக்கு ஏதும் எழுதுவதென்றால் லெஸ்டரில் ஒரு சட்டத்தரணியைக் கேட்டபிறகு எழுதட்டும்.