முறையாக வந்தவர்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

எனக்கு மதுரைப் பக்கம். என் மனைவிக்கு 2022 கடைசியில் பிரிட்டனில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கான கேர் ஒர்க்கர் விசா கிடைத்தது. நானும் மகளும் உடன் வந்தோம். வட இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோவில் இருக்கிறோம். குடியேறியவர்களுக்கு எதிராக நடந்த 2024 ஆகஸ்ட் கலவரத்தின்போது இந்த ஊரில் காரை மறித்து, "நீ வெள்ளைக்காரனா?" என்று கேட்டார்கள். அன்று இரவு முழுக்கப் பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் குடியேற்றத்தை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சிக்காரர். சென்ற மாதம் பஸ் நிறுத்தத்தில் ஒருவன் என் பதினொரு வயது மகளிடம் "உன் ஊருக்குப் போ" என்று கத்தியிருக்கிறான். அதன் பிறகு அவள் பஸ்ஸில் போக மாட்டேன் என்கிறாள்.

ரிஷி சுனக் பிரதமராக இருந்த நாடு எப்படி இப்படி ஆனது? இந்தியாவுடன் வர்த்தக ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களே, இனி நிலைமை மாறுமா? நாங்கள் முறையாக விசா எடுத்து வந்து வரி கட்டுகிறோம். படகில் திருட்டுத்தனமாக வருகிறவர்களால்தான் எங்களுக்கும் கெட்ட பெயர். இந்த மக்கள் இனவாதிகள்தானா? பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா?

கே., மிடில்ஸ்பரோ

அன்புள்ள கே.,

பதினொரு வயதுப் பெண் பஸ் நிறுத்தத்தைக் கண்டு பயப்படுகிறாள் என்ற வரியைப் படித்துவிட்டு அன்று வேறு எதுவும் எழுத முடியவில்லை. அவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சுனக் விஷயத்தை விடுங்கள். ஒரு கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுத்தது, அவ்வளவுதான். அவர் பிரதமராக இருந்தபோதுதான் 2024 மார்ச்சில், பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தை அழைத்துவரக் கூடாது என்று விதி வந்தது. கொஞ்சம் தாமதமாகியிருந்தால் இன்று உங்கள் மனைவி அங்கே தனியாக இருந்திருப்பார். வர்த்தக ஒப்பந்தம் விஸ்கிக்கு 150 சதவீத வரியை 75 ஆக்கும். விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிரதமர் ஸ்டார்மர் 2025-ல் மும்பைக்கு வந்தபோதே சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கடிதத்தின் ஒரே ஒரு சொல்லில். "முறையாக." சில மாதங்களாக நானே இந்தச் சொல்லைத்தான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அது உங்கள் கடிதத்தில் வந்து நிற்கிறது. மகளுக்கு நேர்ந்ததை எழுதிய அதே கையால் அடுத்த பத்தியில் "திருட்டுத்தனமாக வருகிறவர்கள்" என்று எப்படி எழுத முடிந்தது? பஸ் நிறுத்தத்தில் கத்தியவன் உங்கள் மகளின் விசாவைப் பார்த்துவிட்டா கத்தினான்?

1998-ல் ஆறு வாரம் லண்டன் ஈஸ்ட் ஹாமில் தங்கியிருந்தேன். தெருமுனையில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் மளிகைக் கடை வைத்திருந்தார். தினமும் கடை மூடும் நேரத்துக்குப் போவேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தேநீர் ஊற்றித் தருவார். அவர் வேறொருவர் பெயரில் எடுத்த பாஸ்போர்ட்டில் 1987-ல் வந்தவர். வந்ததும் பிடித்து, எசெக்ஸ் கடற்கரையில் ஹாரிச் துறைமுகத்தில் நின்ற ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணிகள் கப்பலில் அடைத்தார்கள். அந்த அக்டோபரில் தென் இங்கிலாந்தையே புரட்டிப்போட்ட பெரும்புயலில் கப்பலின் கட்டு அறுந்து, அது அடித்துச் செல்லப்பட்டுக் கரை தட்டி நின்றது.

"இரவு சரியான காத்து தம்பி. கயிறு அறுந்திட்டுதெண்டு ஆரோ கத்தினாங்கள். ஆமிக்குத் தப்பி வந்து கடைசியில வெள்ளைக்காரன்ர கப்பலுக்குள்ள சாகப்போறம் எண்டுதான் நினைச்சன்" என்றார்.

அப்போது எனக்கு வயது குறைவு, புத்தியும் அப்படித்தான். "முறையாக விசா கேட்டு வந்திருக்கக் கூடாதா அண்ணா?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த தராசுக் கல்லைக் கீழே வைத்துவிட்டு, "வீடு எரியேக்க விசாக் கந்தோர் எங்க இருக்கெண்டு ஆர் தேடுறது?" என்றார். அன்றைக்கு வேறு எதுவும் பேசவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு இன்னும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் எழுதியதும் அதே கேள்விதான். அதனால்தான் இவ்வளவு நேரம் இதிலேயே நிற்கிறேன்.

உண்மையில் அவர்களுக்கு என்ன முறை இருந்தது? 1985-ல் பிரிட்டன் இலங்கையர்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. போரிலிருந்து தமிழர்கள் ஓடிவரத் தொடங்கியதுதான் காரணம். 1987 பிப்ரவரியில் 64 தமிழர்கள் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி அடைக்கலம் கேட்டார்கள். திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றப் போனபோது, அந்தக் குளிரில் உடையைக் களைந்துவிட்டு உள்ளாடையோடு தார்த்தளத்தில் நின்றார்கள். நீதிமன்றம் தலையிட்டு அனுப்புவதை நிறுத்தியது. சில வாரங்களிலேயே உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் புதுச் சட்டத்தோடு வந்தார். விசா இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம்.

கே., இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அடைக்கலம் கேட்பதற்கென்று பிரிட்டனில் ஒரு விசா கிடையாது. அந்த மண்ணில் கால் வைத்த பிறகுதான் கேட்க முடியும். விசா இல்லாதவனை விமானம் ஏற்றாது. அப்படியென்றால் ஓர் ஆப்கானியனோ சூடானியனோ எதில் வருவான்? லாரிக்குள் ஒளிந்து வந்தார்கள். பிரான்ஸ் பக்கத் துறைமுகத்திலும் கடலடிச் சுரங்கப்பாதையிலும் காவலை இறுக்கியதும், 2018 வாக்கில் ரப்பர் படகுகள் வரத் தொடங்கின. விமானக் கதவை மூடிய அந்தச் சட்டம் நம் ஆட்கள் 64 பேரைப் பார்த்துவிட்டு எழுதியது. 2023-ல் போர்ட்லாந்தில் பிபி ஸ்டாக்ஹோம் என்ற மிதவையில் அடைக்கலம் கேட்டவர்களைக் குடியேற்றியபோது, எனக்கு ஈஸ்ட் ஹாம் கடையும் அந்த அரிசி மூட்டைகளும்தான் நினைவுக்கு வந்தன.

சரி, பாஸ்போர்ட் கையில் இருந்தவர்கள் கதை என்ன? கென்யாவில் இருந்த இந்தியர்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே இருந்தது. அதைவிட முறையானது என்ன இருக்கிறது? அவர்கள் கூட்டமாக வரத் தொடங்கியதும் 1968-ல் லேபர் அரசு மூன்றே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருந்தால் வரலாம் என்றார்கள். யாருக்கு அப்படித் தாத்தா இருப்பார் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். அதே 1968-ல் கென்யாவிலிருந்து வந்த ஒருவருக்கும் மொரீஷியஸ் தமிழ்ப் பெண்ணுக்கும் பிறந்தவர் சுவெல்லா பிரேவர்மன். 2022-ல் உள்துறை அமைச்சராக நாடாளுமன்றத்தில் நின்று, படகுகள் வருவதைப் படையெடுப்பு என்றார். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கடைக்கார அண்ணனும் அப்படித்தான் ஆனார். 2016-ல் தொலைபேசியில் பேசியபோது, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலக வேண்டும் என்று பிரெக்சிட்டுக்கு வாக்களித்ததாகச் சொன்னார். "போலந்துக்காரர் கூடிப்போச்சினம் தம்பி" என்றார். அந்தக் கப்பலில் படுத்துக் கிடந்தவர். நான் கத்தினேன், அவரும் கத்தினார். அதன் பிறகு இரண்டு வருடம் பேசவில்லை.

ஆனால் உங்கள் விசா எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? 2020 டிசம்பரோடு ஐரோப்பியர்கள் தாராளமாக வந்து வேலை பார்ப்பது நின்றது. முதியோர் இல்லங்களில் குளிப்பாட்டவும் சோறூட்டவும் ஆள் இல்லை. 2022 பிப்ரவரியில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆளெடுக்கக் கதவைத் திறந்தார்கள். உங்கள் மனைவி வந்தார். 2025 ஜூலையில் அதே கதவைப் புதிதாக வருகிறவர்களுக்கு மூடிவிட்டார்கள். ஐந்து வருடத்தில் நிரந்தரமாகத் தங்கலாம் என்று நம்பித்தானே வந்தீர்கள்? 2025 மே மாதம் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதைப் பத்து வருடம் ஆக்கப் போவதாகச் சொன்னது. செப்டம்பரில் ரிஃபார்ம் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ், தாங்கள் ஆட்சிக்கு வந்தால் அந்த நிரந்தர உரிமையையே ஒழித்துவிடுவோம், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் சேர்த்து, என்றார். உங்கள் வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த பெரியவர் வாக்களிக்கும் கட்சி அது.

அந்தப் பெரியவரைப் பற்றி இரண்டே வரி எழுதிவிட்டு, அடுத்து இந்த மக்கள் இனவாதிகளா என்று கேட்கிறீர்கள். கல்லெறிகிற கூட்டம் தெருவில் திரியும்போது வயதான ஒருவர் நாற்காலியோடு வெளியே வந்து உட்கார்ந்தார். நானாக இருந்தால் அவர் கையைப் பிடித்து அழுதிருப்பேன். அவர் உங்களுக்காக அடி வாங்கவும் தயாராக இருந்தார், உங்களை அனுப்பிவிடச் சொல்லும் கட்சிக்கு வாக்களிக்கவும் செய்கிறார். அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். நிரந்தரமாகத் தங்க உங்கள் மனைவி எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல்கூட இருக்கலாம்.

திரும்பிப் போவதா என்பதை மதுரை வீட்டுக் கடனும் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணமும் தெரிந்த நீங்கள் இருவரும்தான் பேச வேண்டும். இருப்பது என்று முடிவெடுத்தால் ஒன்று செய்யுங்கள். 1948-ல் விண்ட்ரஷ் என்ற கப்பல் வந்ததற்குப் பிந்தைய காலத்தில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் முழு உரிமையோடு வந்தவர்கள். அவர்களுக்கு யாரும் காகிதம் கொடுக்கவில்லை. அவர்கள் வந்திறங்கிய அட்டைகளை 2010-ல் உள்துறையே அழித்துவிட்டது. பிறகு அங்கே வாழ்ந்த ஒவ்வொரு வருடத்துக்கும் நான்கு ஆதாரம் கொண்டுவா என்று கேட்டது. வேலையும் வீடும் போனது. 80-க்கும் மேற்பட்டோரை நாட்டைவிட்டே அனுப்பினார்கள். 2018-ல் அது வெளியே வந்து உள்துறை அமைச்சர் பதவி விலகினார். அதனால் மனைவியின் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வரி கட்டிய ரசீது, மகளின் பள்ளிக்கூடக் கடிதங்கள் எல்லாவற்றையும் வருட வாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள். இப்போது விசா கணினியில் மட்டும்தான் இருக்கிறது. அதையும் அச்செடுத்து வையுங்கள்.

மகள் பஸ்ஸில் போகாமல் இருக்கக் கூடாது. ஆனால் தைரியமாகப் போ என்று வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்லாதீர்கள். வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமானாலும் சரி, இரண்டு வாரம் நீங்களே கூடப் போய் நில்லுங்கள். உங்களால் முடியாத நாளில் அந்தப் பெரியவரைக் கேளுங்கள். வருவார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்புடன்.