சீட்டும் சைலன்சரும் மாற்றிவிட்டால் அது கஸ்டம் பைக்கா?

கேள்வி: ஹேண்டில்பார், சீட், சைலன்சர் எல்லாம் மாற்றி, பெயின்ட்டும் அடித்துவிட்டால் அதைக் கஸ்டம் பைக் என்று சொல்லலாமா? வண்டியின் சட்டமான சேசிஸை வெட்டாமல் கஸ்டம் செய்ய முடியுமா?

சொல்லிக்கொள்ளலாம், யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் எத்தனை பாகம் மாறியிருக்கிறது, எவ்வளவு செலவாயிற்று என்பதை வைத்து நான் முடிவு செய்வதில்லை. கையால் தட்டிச் செய்த பாகமா, கடையில் வாங்கியதா என்பதும் எனக்கு இரண்டாம்பட்சம்தான். நான் பார்ப்பது இதை: ஒரு மாற்றம் தன்னோடு இழுத்துக்கொண்டு வருகிற மற்ற வேலைகளையும் கடைசிவரை செய்து முடித்தார்களா? அதை யார் ஓட்டப்போகிறாரோ அவருக்காகச் செய்தார்களா?

கிளிப்-ஆன் ஹேண்டிலை எடுத்துக்கொள்வோம். உயரமான ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயையே கவ்விப் பிடிக்கிற இரண்டு குட்டைப் பிடிகளைப் போடுவது. பார்த்தால் அரை நாள் வேலை மாதிரி இருக்கும். போட்டுவிட்டு ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுசாகத் திருப்பினால் டேங்குக்கும் பிடிக்கும் நடுவில் கட்டைவிரல் மாட்டும். சரி, ஹேண்டில் ஓர் அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கிற ஸ்டாப்பரில் கொஞ்சம் வெல்டிங் வைத்துத் திருப்பத்தைக் குறைக்கலாம். அப்புறம் வண்டியை ஒரே மூச்சில் வளைத்துத் திருப்ப இன்னும் அகலமான இடம் வேண்டும். இல்லையென்றால் டேங்கில் கை போய்வர ஒரு குழி எடுக்க வேண்டும்.

அடுத்தது கேபிள். உயரமான ஹேண்டிலுக்கு அளவெடுத்த கிளட்ச் கேபிள் இப்போது நீளம். மிச்சத்தை எங்கேயாவது வளைத்துச் செருகினால் கிளட்ச் கல்லு மாதிரி ஆகிவிடும். ஆக்சிலரேட்டர் கேபிளுக்கு ஒரு சோதனை இருக்கிறது: வண்டியை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. மெதுவாக வளைகிற நேரத்தில் வண்டி தானாகவே முன்னால் பாயும். எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வண்டியை நான் தொட மாட்டேன்.

இன்னும் முடியவில்லை. உடம்பு முன்னால் சாய்ந்துவிட்டது, கால் மட்டும் பழைய இடத்தில் இருக்கிறது. பாரம் முழுக்க மணிக்கட்டுக்கு வந்துவிடும். ஆகவே ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளினால் கியர் லீவருக்குப் புது இணைப்புக் கம்பி வேண்டும். அதைக் கவனமில்லாமல் அமைத்தால் கியர் போடும் திசையே தலைகீழாகிவிடும். கிக் ஸ்டார்ட்டர் ஃபுட்ரெஸ்ட்டில் இடிக்கலாம். பிரேக் பெடலின் நீளம் மாறினால் மிதிக்கிற மிதிக்குக் கிடைக்கிற பிடியும் மாறும். பின் பிரேக் லைட் சுவிட்சுக்கு வேறு இடம் தேட வேண்டும். கூடவே முன் ஃபோர்க்கின் மேல் முன்பைவிட அதிக எடை உட்காருகிறது, ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும். இத்தனையும் செய்தவர் ஒரு வண்டியைக் கஸ்டம் செய்திருக்கிறார். கிளிப்-ஆனை மட்டும் மாட்டிப் படம் எடுத்துப் போட்டவர் ஒரு பாகம் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தக் கலையின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1950, 60களில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற ட்ரைட்டன் என்ற வண்டியைப் பாருங்கள். நார்ட்டன் நிறுவனத்தின் ஃபெதர்பெட் என்ற சேசிஸ் வளைவுகளில் அசையாமல் நிற்கும். ட்ரையம்ஃப் நிறுவனத்தின் இரட்டை சிலிண்டர் இன்ஜினுக்கு நல்ல வேகம், டியூன் செய்வதும் சுலபம். இரண்டையும் சேர்த்தார்கள். சேசிஸ் எங்கிருந்து கிடைத்தது என்பது சுவாரஸ்யமான கதை. அப்போது 500 சிசி கார்ப் பந்தயத்தில் ஓடியவர்களுக்கு நார்ட்டனின் பந்தய வண்டியான மேங்க்ஸின் இன்ஜின் தேவைப்பட்டது. நார்ட்டன் நிறுவனம் இன்ஜினை மட்டும் தனியாக விற்கவில்லை. முழு வண்டியை வாங்கி இன்ஜினை உருவிக்கொண்டு மிச்சத்தை விற்றார்கள். அப்படி அநாதையாகக் கிடந்த சேசிஸ்களில் ட்ரையம்ஃப் இன்ஜின் ஏறியது. சும்மா ஏறிவிடாது: இன்ஜினைத் தாங்க அலுமினியத் தகட்டை அறுத்து, துளையிட்டு, செயின் ஓடும் பல்சக்கரங்களான முன் ஸ்பிராக்கெட்டும் பின் ஸ்பிராக்கெட்டும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி நிறுத்த வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் செயின் தேய்ந்து தீரும். என் கண்ணுக்கு ட்ரைட்டனில் மிக அழகான பாகம் அந்தத் தகடுதான். பளபளக்கிற டேங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 'பாபர்' (bobber) எனப்படும் வண்டிகள் பெருகின. முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டை வெட்டிக் குறைத்தார்கள். நோக்கம் எடையைக் குறைப்பது. தோற்றம் அதன் பின்னால் வந்தது. பிறகு வந்த 'சாப்பர்' (chopper) வண்டிகளில் ஃபோர்க் நீண்டுகொண்டே போயிற்று. அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஸ்டியரிங் அச்சை நேராகத் தரைவரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். இந்த இடைவெளிக்குப் பெயர் ட்ரெயில். சாதாரண வண்டிகளில் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர். வண்டி நேராக ஓடுவதற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம். ஃபோர்க்கை நீட்டி, சேசிஸில் ஹேண்டில் பொருந்தும் கழுத்தையும் சாய்த்தால் ட்ரெயில் கூடிக்கொண்டே போகும். நெடுஞ்சாலையில் ரயில் மாதிரி நேராகப் போகிற வண்டி, மெதுவாகத் திருப்பும்போது முன் சக்கரத்தோடு ஒரு பக்கமாகச் சரியும். அதைக் குறைக்க ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் யோக்கிலேயே தனியாக ஒரு சாய்வு கொடுப்பார்கள். கணக்குப் போடாமல் கொடுத்தால் ட்ரெயில் அளவுக்கு மீறிக் குறைந்து, வேகத்தில் ஹேண்டில் உதற ஆரம்பிக்கும். நீண்ட ஃபோர்க் உள்ள வண்டியைப் பார்த்தால் நான் முதலில் கேட்கிற கேள்வி, "ட்ரெயில் எவ்வளவு?" என்பதுதான். பதில் சொல்லத் தெரிந்தவரோடு மணிக்கணக்கில் பேசலாம்.

நிறுவனங்களே கஸ்டம் தோற்றத்தில் வண்டி விற்பதும் உண்டு. 1971-இல் ஹார்லி-டேவிட்சன் தன் பெரிய வண்டியின் சேசிஸில் தன் சிறிய வண்டியான ஸ்போர்ட்ஸ்டரின் முன்பக்கத்தைப் பொருத்தி சூப்பர் கிளைடு என்று விற்றது. நல்ல வண்டிதான், நல்ல யோசனையும்தான். ஆனால் அது யாரோ ஒருவருக்கென்று செய்ததல்ல. வாங்க வருகிற எல்லாருக்கும் செய்தது. பெயின்ட்டைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. நன்றாக அடித்திருந்தால் சந்தோஷம்.

ஒருவருக்கென்றே செய்தது என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு நான் காட்டுகிற உதாரணம் பந்தயத் தளத்திலிருந்து வருகிறது. 1992-இல் நெதர்லாந்தின் அசெனில் விழுந்து பந்தய வீரர் மிக் டூஹனின் வலது கால் ஏறக்குறைய போய்விடும் நிலைக்கு வந்தது. கால் தப்பியது, ஆனால் கணுக்கால் முன்போல் மடங்கவில்லை; வலது காலால் பின் பிரேக்கை மிதிக்க முடியவில்லை. ஆகவே இடது ஹேண்டிலில் கட்டைவிரலால் அழுத்துகிற பின் பிரேக்கை அவருக்காகப் பொருத்தினார்கள். 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து முறை 500 சிசி உலக சாம்பியன் ஆனார். அந்த ஒரு சின்ன லீவர் இருக்கிற வண்டி, குரோமியத்தில் முக்கி எடுத்த எத்தனையோ வண்டிகளைவிட என் கணக்கில் பெரிய கஸ்டம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. சேசிஸை வெட்டாமல் தாராளமாகச் செய்யலாம். முதலில் உங்கள் வண்டி உங்களுக்கு எங்கே இடைஞ்சல் கொடுக்கிறது என்று பாருங்கள். கால் தரையில் சரியாக எட்டவில்லையா? சீட்டின் ஃபோமை முன்பக்கத்தில் ஒடுக்கிச் செதுக்கினால், உயரத்தைக் குறைக்காமலே கால் எட்டும். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போகிறவரா? பின் ஸ்பிராக்கெட்டில் பல்லைக் குறைத்தால் அதே வேகத்தில் இன்ஜின் நிதானமாக ஓடும். பதிலுக்குக் கிளம்புகிற இழுவை கொஞ்சம் குறையும். பிரேக், கிளட்ச் லீவர் விரலுக்கு எட்டவில்லை என்றால் அளவு மாற்றிக்கொள்ளக்கூடிய லீவர் கிடைக்கிறது. எல்லாமே கடையில் வாங்கிய பாகங்களாக இருக்கட்டும், பரவாயில்லை.

எப்போதாவது வெட்டித்தான் ஆகவேண்டும் என்று வந்தால், சீட்டுக்குக் கீழே உள்ள பின் சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹேண்டில் பொருந்தும் கழுத்துப் பகுதியில் கை வைக்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் சேசிஸ் எண் அங்கேதான் பொறித்திருக்கும், ட்ரெயில் தீர்மானமாவதும் அங்கேதான். வெட்டுவதற்கு முன்பு வண்டி வயரிங்கை முழுசாகக் கழற்றி, எந்த வயர் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றிலும் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். பேட்டரி, ஃபியூஸ் பாக்ஸ், மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ரெக்டிஃபையர் மூன்றுக்கும் புது இடம் முடிவான பிறகுதான் கிரைண்டரை எடுக்க வேண்டும். ரெக்டிஃபையர் சூடாகும், காற்றுப் படுகிற இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.