மூன்றாவது மாடியில் புறா வளர்க்கலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பால்கனிச் செடிகளைப் பற்றி எழுதும்போது புறாவைப் பற்றி ஒரு வரி போட்டதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்து வந்தவற்றில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

ஓசூரில் மூன்றாவது மாடியில், இரண்டு பெட்ரூம் பிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பாலக்கோடு பக்கத்தில் மாமனார் தோட்டத்தில் புறா வளர்க்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகன் லீவுக்கு அங்கே போய் வந்ததிலிருந்து ஒரு ஜோடியாவது வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ஓசூர்

கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பையனை உட்கார வைத்து ஒரு விஷயத்தைப் பேசிவிடுங்கள்: தாத்தா வீட்டில் அவன் பார்த்தது வேறு, பிளாட்டில் நடக்கப்போவது வேறு. தாத்தா காலையில் கூண்டைத் திறந்துவிடுவார், அதுகள் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பக்கத்துக் கொல்லையில் மேய்ந்துவிட்டுப் பொழுது சாய வந்து அடையும், எச்சம் மண்ணில் விழும், ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். உங்கள் பால்கனியிலிருந்து திறந்துவிட்டால் நான்காவது மாடிக்காரரின் துணிக்கொடியும் எதிர் பிளாக்கின் ஏசி பெட்டியும் அதற்கு உட்காரும் இடம்தான், அப்புறம் அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் பேசப்படுவது உங்கள் வீடாகத்தான் இருக்கும். அதனால் அப்பார்ட்மென்ட்டில் பறக்கவிடும் புறாவே வேண்டாம் என்பது என் கட்சி.

எங்கே கொண்டுபோய் விட்டாலும் தன் வீட்டுக்கே திரும்பி வருகிற ஹோமர், கர்ணம் அடிக்கும் புறா, மணிக்கணக்கில் மேலேயே நிற்கிற சாதாப் புறா, இதெல்லாம் பறப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த ரகங்கள். அவற்றைப் பால்கனியில் அடைத்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. லக்கா என்று சொல்கிற விசிறிவால் புறா, உடம்பு கனத்த கிங் மாதிரியானவை அதிகம் பறக்காது, தரையில் நடப்பதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பதும்தான் அவற்றின் வேலை. அதில் ஒரே ஒரு ஜோடி போதும். தனிப் புறாவாக வாங்காதீர்கள், அது ஜோடியாக வாழ்கிற பறவை.

வாடகை வீடு என்றீர்கள், வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள். அசோசியேஷனின் விதிப் புத்தகத்தில் பறவை, பிராணி பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அவர்களிடமும் ஒரு வார்த்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம், அது எல்லோருக்கும் பொதுவான இடம்.

கூண்டு விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். புறா றெக்கையை முழுசாக விரித்தால் இரண்டடிக்கு மேலே போகும், கடையில் லவ் பேர்ட்ஸுக்கு விற்கிற கூண்டில் அது திரும்பக்கூட முடியாது. ஒரு ஜோடிக்கு நான்கடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றடி உயரமாவது இருக்கட்டும். வெல்டுமெஷ் வாங்கி லோக்கல் வெல்டரிடம் சொன்னால் செய்துகொடுப்பார். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960, அசையப் போதுமான இடமில்லாத கூண்டில் ஒரு பிராணியை அடைப்பதைக் குற்றம் என்றே சொல்கிறது. அடியில் இழுத்தெடுக்கிற ட்ரே, அதில் பழைய செய்தித்தாள். மார்கழியில் ஓசூர்க் குளிர் உங்களுக்கே தெரியும், காற்று அடிக்கும் பக்கத்தை மட்டும் பலகை வைத்து மூடுங்கள், மற்ற பக்கம் காற்றோட்டம் இருக்கட்டும். இன்னொன்று, கூண்டு அடுத்த வீட்டு பெட்ரூம் சுவரை ஒட்டி இருக்கக்கூடாது, ஆண் புறா விடியற்காலையிலேயே குனுக ஆரம்பித்துவிடும்.

சுத்தம் செய்யும்போது பைப்பைத் திறந்து பால்கனியைக் கழுவிவிடுவது நம் ஆட்களுக்குக் கை வந்த வேலை. அந்தத் தண்ணீர் கீழ்வீட்டு பால்கனியில்தான் இறங்கும். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், போதும். மகன் அடுத்த வருஷம் பத்தாவது, அவன் பரீட்சைக்குப் படிக்கும்போது ட்ரே மாற்றப்போவது நீங்கள்தான் என்பதையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

புறா வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார்களே?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

எச்சத்தைத் துடைக்காமல் விட்டால் நிச்சயம் ஆகாது.

என் மாமியாருக்கு மூன்று மாதமாக வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கணவர் இரண்டு வருஷமாகப் பால்கனியில் புறா வைத்திருக்கிறார். கூண்டைச் சுத்தம் செய்வது மாமியார்தான். பக்கத்து வீட்டு அக்கா புறாதான் காரணம் என்கிறார், கணவர் கேட்கவே மாட்டேன் என்கிறார்.
– பெயர் வேண்டாம், தருமபுரி

பக்கத்து வீட்டு அக்கா சொல்வதில் நியாயம் இருக்கலாம். புறாவைக் குளிக்க விட்டிருப்பீர்கள்தானே, அது குளித்து முடித்த தண்ணீரின் மேல் வெள்ளையாக ஒரு ஆடை மிதக்கும், பார்த்திருக்கிறீர்களா? அது இறகிலிருந்து உதிர்கிற பவுடர். புறாவின் உடம்பில் அது இயற்கையாகவே உண்டு, றெக்கை அடிக்கும்போதெல்லாம் காற்றில் கலக்கும், டிவி மேலும் ஜன்னல் கம்பி மேலும் படியும். அதுவும் காய்ந்த எச்சத் தூசியும் சேர்ந்து வருஷக்கணக்கில் நுரையீரலுக்குள் போகும்போது சிலருக்கு உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டைபோட ஆரம்பிக்கும். ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான், புறா வளர்ப்பவர்களுக்கு வருவதாலேயே புறா வளர்ப்போர் நுரையீரல் நோய் என்று தனிப் பெயரும் உண்டு. எல்லோருக்கும் வராது. உங்கள் கணவருக்கு ஒன்றும் இல்லை என்பதால் அவர் அம்மாவுக்கும் இல்லை என்று அர்த்தமாகாது.

சிலருக்குக் கூண்டைச் சுத்தம் செய்த சில மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், உடம்பு வலி, இருமல் என்று வந்து ஓரிரு நாளில் போய்விடும், ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொள்வார்கள். இன்னும் சிலருக்கு உங்கள் மாமியார் மாதிரி மெல்ல மெல்ல இருமலும் மூச்சு வாங்கலும் மட்டும் கூடிக்கொண்டே வரும், இதுதான் மோசம், கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்து அது திரும்பச் சரியாகாது. நெஞ்சு நோய் டாக்டரிடம் சீக்கிரம் கூட்டிப்போங்கள், போன உடனே வீட்டில் புறா இருக்கிறது என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் ஆஸ்துமா, பழைய சளி என்று வைத்தியம் வேறு பக்கம் போய்விடும். டாக்டரைப் பார்க்கும்வரைக்கும் மாமியார் கூண்டுப் பக்கமே போகக்கூடாது. இந்த நோய்தான் என்று உறுதியானால் முதல் வைத்தியம் புறாவை வீட்டைவிட்டு அனுப்புவதுதான், மருந்து அதற்கு அப்புறம். உங்கள் கணவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் இதில் இரண்டு பக்கமும் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது நன்றாக இருக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன், காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கவே பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, என்-95 மாஸ்க் போட்டுக்கொண்டு, சுரண்டி எடுங்கள். எச்சத்திலிருந்து சில பூஞ்சைத் தொற்றுகளும், புறாக்களிடமிருந்து சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியாக் காய்ச்சலும் மனிதருக்கு வர வழி உண்டு. வீட்டில் ஆஸ்துமாக்காரர், கீமோ எடுப்பவர், கைக்குழந்தை இருந்தால் புறா யோசனையே வேண்டாம்.

புறாவுக்கு என்ன தீனி போடுவது? நாங்கள் சோறும் பொரியும் போடுகிறோம்.
– ஒரு வாசகர், பர்கூர்

சோற்றை நிறுத்துங்கள், புளித்துப்போய் வயிற்றைக் கெடுக்கும். நம் பக்கம் கிடைக்கிறதே போதும்: கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், கேழ்வரகு, கொஞ்சம் கோதுமை, அதோடு கொள்ளு, பச்சைப்பயறு. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிறவர் யாராவது இருந்தால் மொத்தமாக வாங்கி வரச் சொல்லுங்கள், ஆனால் பூஞ்சை வாசனை அடிக்கிற தானியத்தை விலை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். ஒரு புறாவுக்கு நாளைக்கு முப்பது, நாற்பது கிராம். குஞ்சு இருக்கும்போது பயறு வகையைக் கூட்டுங்கள்.

பலரும் மறப்பது கல். புறாவுக்குப் பல் இல்லை, முழுத் தானியத்தை அப்படியே விழுங்கி இரைப்பையில் வைத்து அரைக்கிறது, அதற்குப் பொடிக்கல் வேண்டும். தோட்டத்துப் புறா அதைத் தானே பொறுக்கிக்கொள்ளும், மூன்றாவது மாடியில் எங்கே போய்ப் பொறுக்கும்? கழுவிய பொடிக்கல்லோடு கிளிஞ்சல் தூளும் காயவைத்து நொறுக்கிய முட்டை ஓடும் கலந்து தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தண்ணீர்ப் பாத்திரம் கொஞ்சம் ஆழமாக இருக்கட்டும், கோழி மாதிரி தலையைத் தூக்கி விழுங்காமல் புறா அலகை முக்கி உறிஞ்சிக் குடிக்கும். வாரம் ஒன்றிரண்டு நாள் குளிக்க அகலத் தட்டில் தண்ணீர், குளித்த உடனே அதை எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

இரண்டு புறா வாங்கினோம். இப்போது எட்டு. பால்கனியில் நிற்க இடமில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

நன்றாகத் தீனி போட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது! புறா ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும், பதினேழு பதினெட்டு நாளில் பொரியும். பகலில் ஆண், மற்ற நேரம் பெண் என்று மாறி மாறி அடைகாக்கும், பொரித்த குஞ்சுக்கு இரண்டும் சேர்ந்தே தொண்டைப் பையில் சுரக்கிற பாலைக் கக்கி ஊட்டும். குஞ்சு கூட்டைவிட்டு இறங்கும் முன்னாலேயே அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும். பிறந்த குஞ்சும் ஐந்தாறு மாதத்தில் ஜோடி சேர்ந்துவிடும், ஆக எட்டு பதினாறாக ரொம்ப நாள் ஆகாது.

முட்டையை எடுத்து எறிவது உதவாது, சில நாளிலேயே மறுபடி இடும், பெண்ணின் உடம்பில் உள்ள சுண்ணாம்புச் சத்துதான் தீரும். முட்டை இட்ட ஒன்றிரண்டு நாளுக்குள் அதே அளவு பிளாஸ்டிக் அல்லது மர முட்டையை வைத்து நிஜத்தை எடுத்துவிடுங்கள். பொய் முட்டை கிடைக்காவிட்டால் அதே முட்டையை வேகவைத்து ஆறவிட்டுத் திரும்ப வைக்கலாம். அது தன் நாள் கணக்கை உட்கார்ந்து முடித்துவிட்டுத் தானாக எழுந்துவிடும், உங்களுக்கும் மூன்று வாரம் போல அவகாசம். கூடுதலாக உள்ள ஆறையும் தோட்டம் உள்ள, வளர்க்கத் தெரிந்த யாருக்காவது ஜோடியாகவே கொடுங்கள். தயவுசெய்து கிருஷ்ணகிரி டேம் பக்கம் கொண்டுபோய்ப் பறக்கவிட்டுப் புண்ணியம் தேடாதீர்கள், கூண்டில் வளர்ந்ததற்கு இரை தேடவும் தெரியாது, வல்லூறைக் கண்டால் ஒதுங்கவும் தெரியாது.

தருமபுரியிலிருந்து ஓசூருக்கு பிளாட் மாறுகிறோம். என் ஹோமர் புறாக்களைப் புது வீட்டுக்குப் பழக்க முடியுமா?
– ஒரு கல்லூரி மாணவர், தருமபுரி

தம்பி, பறக்கப் பழகிய பெரிய ஹோமரை அங்கே கொண்டுபோய்த் திறந்தால் அது தருமபுரிக்குத்தான் வரும். ரோட்டில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நல்ல ஹோமருக்கு அது இரண்டு மணி நேரப் பறப்புக்கூட இல்லை. சூரியன், பூமியின் காந்தம், காற்றில் வரும் வாசனை, கீழே தெரியும் சாலை என்று பலதையும் வைத்து அது வழி பிடிக்கிறது. ஒடிசா போலீஸ் 1946ல் தொடங்கிய புறா அஞ்சலைப் பல பத்தாண்டுகள் ஓட்டியதே இந்தக் குணத்தை நம்பித்தான். காலி வீட்டின் மாடியில் வந்து நிற்கிற புறாவுக்கு யார் தண்ணீர் வைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரியவற்றைத் தருமபுரியிலேயே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், அவரும் அவற்றைத் திறந்துவிடாமல் அடைத்து வைத்துக் குஞ்சு எடுக்கத்தான் முடியும், திறந்தால் உங்கள் பழைய வீட்டுக்கே போய்விடும். பிளாட்டில் ஹோமரே வேண்டாம் என்று மேலே எழுதியதை உங்களுக்கும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள், தனி வீடும் சொந்த மாடியும் வரும்போது அப்போதுதான் தனியாகத் தின்னப் பழகிய இளங்குஞ்சாக வாங்கிப் பழக்கலாம்.

புறாவுக்குக் கழுத்து திருகிக்கொண்டு தலை தலைகீழாகப் போகிறது. தானியத்தைக் குறி வைத்துக் கொத்த முடியவில்லை. திருஷ்டி கழித்தோம்.
– ஒரு வாசகர், அரூர்

இது பெரும்பாலும் பாராமிக்சோ என்ற வைரஸ், கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சலின் சொந்தக்காரன். உடனே மற்ற புறாக்களிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வையுங்கள், தண்ணீர்ப் பாத்திரம் உட்பட எதையும் பகிரக் கூடாது. வைரஸுக்கு நேரடி மருந்து இல்லை, ஆனால் ஆழமான கிண்ணத்தில் தானியம் நிறைய வைத்தும், முடியாவிட்டால் ஊறவைத்த பயறைக் கையால் ஊட்டியும் பார்த்துக்கொண்டால் பிழைத்து வருகிற புறாக்கள் உண்டு. மெடிக்கலில் கிடைக்கிற மனுஷ மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டி, மற்றவற்றுக்குத் தடுப்பூசி எப்போது போடலாம் என்று கேளுங்கள். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மத்திகிரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

நாங்கள் புறா வளர்க்கவில்லை, ஆனால் ஏசி பெட்டிக்குப் பின்னால் காட்டுப் புறா கூடு கட்டிக் குஞ்சும் இருக்கிறது. மேல்வீட்டுக்காரர் தினமும் அரிசி போடுகிறார்.
– ஒரு வாசகி, ஓசூர்

குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். அது போன மறுநாளே கூட்டை நனைத்து எடுத்துவிட்டு, இடுக்கை அடைத்து, பால்கனிக்கு வலை போடுங்கள், தள்ளிப்போட்டால் அடுத்த முட்டை வந்துவிடும். பசை தடவுவது, விஷம் வைப்பது இரண்டும் கூடாது. மேல்வீட்டு அரிசிதான் மூலக் காரணம். மும்பையில் புறாக்களுக்கு இரை போடும் பொது இடமான தாதர் கபூதர்கானாவை 2025ல் தார்ப்பாய் போட்டு மூடியபோது எழுந்த சண்டையைப் பார்த்திருப்பீர்கள், இரை போடுகிறவர்களுக்கு அது பக்தி, அதனால் கோபமாக ஆரம்பிக்காதீர்கள். ஏசி பெட்டியையும் அதன் மேல் இருப்பதையும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், கேட்காவிட்டால் அசோசியேஷனுக்கு எழுதுங்கள்.

புள்ளிப்புறாக் குஞ்சு ஒன்றைத் தோட்டத்திலிருந்து பிடித்து வந்து வளர்க்கலாமா?
– ஒரு வாசகர், ராயக்கோட்டை

கூடாது. அது காட்டுப் பறவை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பிடிப்பதே குற்றம். கூட்டிலிருந்து விழுந்திருந்தால் திரும்பக் கூட்டிலேயே வையுங்கள், மனிதக் கை பட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பதெல்லாம் சும்மா.