தரையைத் தீர்மானிப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் பெரம்பூரைச் சேர்ந்த கல்லூரி மாணவன். ஹாக்கி ஆடுகிறேன். 2022-ல் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு நம் கால்பந்து சம்மேளனத்தை நிர்வகித்தது என்பதற்காக ஃபிஃபா இந்தியாவைத் தடை செய்தது. நம் நீதிமன்றத்தைவிட ஸூரிச்சில் இருக்கும் ஒரு சங்கம் பெரியதா? ஹாக்கியிலும் நம்மை வீழ்த்தத்தான் ஐரோப்பியர்கள் செயற்கைப் புல்லைக் கொண்டுவந்தார்கள் என்று என் பயிற்சியாளர் சொல்வார். இந்த உலக அமைப்புகளை விட்டு விலகி, ஆசிய நாடுகள் தனியே ஆடினால் என்ன?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

2025 கடைசியில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பைக்காக எழும்பூர் மைதானத்துக்குப் போய்வந்ததிலிருந்து எனக்கும் இதே யோசனைதான். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் ஃபிஃபா. நீதிமன்றம் ஏன் உள்ளே வந்தது? பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடத்தாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் நம் ஆட்கள். அதை விட்டுவிட்டு ஸூரிச்சைத் திட்டுவதில் என்ன நியாயம்? வெளியார் தலையீடு கூடாது என்ற விதி இல்லாவிட்டால் எந்த ஊர் மந்திரியும் தன் மச்சானைத் தலைவராக்கிவிடுவார். ஆனால் தண்டனை யார் தலையில் விழுந்தது பாருங்கள். ஆசியக் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் போய் இறங்கிய கோகுலம் கேரளா கிளப்பின் பெண்கள் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். பதினோரு நாளில் தடை நீங்கியது, அவர்களுக்கு அது உதவவில்லை. இதில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

தனியே ஆடலாம் என்பதை விடுங்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹாக்கியே இல்லை. காரணம், அதற்கென்று ஓர் உலக அமைப்பு இல்லை. அந்த ஆண்டுதான் சர்வதேச ஹாக்கி சம்மேளனம் பிறந்தது. 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் தியான்சந்த் தங்கம் வென்றது அதற்குப் பிறகுதான்.

சதி என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். 1960-ல் ரோமில் பாகிஸ்தானிடம் தோற்றோம். 1968-லும் 1972-லும் வெண்கலம்தான். மூன்றுமே இயற்கைப் புல். செயற்கைத் தரைக்கு மாறிய 1976 மாண்ட்ரியாலில் நாம் ஏழாவது, சரி. தங்கம் யாருக்கு? நியூசிலாந்துக்கு. வெள்ளி ஆஸ்திரேலியாவுக்கு. ஐரோப்பியர் தங்களுக்காகப் போட்ட திட்டமாக இருந்தால் இப்படியா முடியும்? வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் வரலாறு என்று நம்பும் வயதல்ல உங்களுக்கு.

ஆனால் சதி இல்லை என்பதால் அநியாயம் இல்லை என்று ஆகிவிடாது. இதைத்தான் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், யாரும் காதில் வாங்குவதில்லை. எந்தத் தரையில் ஆட வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள், யார் ஆடலாம் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார்கள்.

அயனாவரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். லெஃப்ட் அவுட், அதாவது இடது ஓரத்து முன்வரிசை ஆட்டக்காரர். அவர் ஆடியது செம்மண் கிரவுண்டு. மழையில் சேறு, கோடையில் பாறை. பந்து எங்கே எகிறும் என்பது அவர் மணிக்கட்டுக்குத் தெரியும். மூன்று பேரைத் தாண்டிப் பந்தை எடுத்துப்போவதைப் பார்க்க ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பார்கள். ஒரு தேர்வு முகாமுக்கு அழைப்பு வந்தது. முகாம் டர்ஃபில், அதாவது அந்தச் செயற்கைப் புல்லில். அதற்கு முன் அவர் டர்ஃபில் கால் வைத்ததே இல்லை. எகிறும் என்று காத்திருந்த பந்து, தரையோடு வழுக்கிக்கொண்டு ஸ்டிக்கைத் தாண்டிப் போனது. விழுந்ததில் முட்டி இரண்டும் தோலுரிந்தன. ‘ட்ராப் பண்ணவே தெரியலையே’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பந்தை நிறுத்தத் தெரியாதாம், அவருக்கு! அதன் பிறகு அவர் ஸ்டிக்கைத் தொடவில்லை. அவர் அம்மா அதை ரொம்ப நாள் பரண்மேல் வைத்திருந்தார்கள்.

டர்ஃபில் ஆட்டம் வேகமும் அழகும் கூடியது என்பதை நான் மறுக்கவில்லை. எழும்பூரில் அந்த வேகத்தைப் பார்த்துக் கைதட்டினேன். ஆனால் ஒரு டர்ஃப் போடக் கோடிக்கணக்கில் ஆகும். பத்தாண்டு போல உழைத்ததும் மாற்ற வேண்டும். தண்ணீர் தெளித்து நனைத்தால்தான் பந்து சரியாக ஓடும். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்த ஊர் இது. நம் தெருக்களில் குடத்தோடு வரிசையில் நின்ற வீட்டுப் பிள்ளை எந்த டர்ஃபில் பழகியிருப்பான்? இப்போது சர்வதேச ஹாக்கி சம்மேளனமே தண்ணீர் தேவைப்படாத டர்ஃபைப் பற்றிப் பேசுகிறது. நல்லது. பெரிய போட்டிகளுக்கு நனைத்த டர்ஃபைக் கட்டாயமாக்குவதற்கு முன்பே அதை யோசித்திருக்க வேண்டும்.

விதியை மாற்றும் அமைப்பு அதன் செலவிலும் பங்கெடுக்க வேண்டும். டர்ஃப் இல்லாத நாடுகளிலும் ஊர்களிலும் அதைப் போட்டுக்கொடுத்துவிட்டு, அப்புறம் கட்டாயமாக்கட்டும். அதுவரை சிறுவர் போட்டிகளுக்காவது மண்ணையும் புல்லையும் ஏற்றுக்கொள்ளட்டும். பிள்ளைகளைத் தேர்வு செய்கிறவர்கள் ஒரு மாதமாவது டர்ஃபில் பழகவிட்டு, பிறகு மதிப்பெண் போடட்டும். இதைக் கேட்க வேண்டிய இடம் நமக்கு இல்லாமலில்லை. ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் அங்கே ஓட்டு உண்டு. 2016 முதல் 2022 வரை அந்தச் சம்மேளனத்தின் தலைவரே ஓர் இந்தியர்தான். அவர்கள், ஐரோப்பியர்கள் என்று எழுதுகிறீர்களே, அந்த ஆறு ஆண்டும் நம் மாவட்டச் சங்கத்திலிருந்து டெல்லி வரை இதை யார் எழுப்பினார்கள் என்று உங்கள் பயிற்சியாளரிடம் கேளுங்கள். கோபப்படாமல் கேளுங்கள். அவரும் மண்ணில் ஆடியவராகவே இருப்பார்.

நீங்கள் எந்தப் பொசிஷனில் ஆடுகிறீர்கள், பெரம்பூரில் இப்போது எந்தத் தரையில் பழகுகிறீர்கள் என்று எழுதவே இல்லை. ஸூரிச்சைப் பற்றி எழுதியதற்குப் பதிலாக அதைத்தான் எழுதியிருக்க வேண்டும். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.